சப்பத்தண்ணியும் தட்டப்பயறும்

அன்புள்ள சரசு,

நீ கேள்விப்பட்டது உண்மைதான். எங்கள் வீட்டில் இப்போது பயறு சமையல் முழுக்க அவர் கையில். போனில் நீ கேட்டபோது நான் மழுப்பினதற்குக் காரணம் இருக்கிறது. நான் போனை எடுத்தாலே எதிர் சோபாவில் வந்து உட்கார்ந்துகொள்வார். கையில் பேப்பர், காது மட்டும் இந்தப் பக்கம். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது? அதனால்தான் பழையபடி கடிதம். படித்ததும் கிழித்துப் போடு. உன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் அன்றைக்கே இவருக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

முதலிலிருந்து சொல்கிறேன். இவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாதா? கோவையிலிருந்து தினமும் ரயிலேறித் திருப்பூர் போய் டையிங் மாஸ்டராகவே காலத்தைக் கழித்தவர். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அப்போது மாதக்கணக்கில் வீட்டோடுதான் இருந்தார். ஒரு தம்ளரை எடுத்துக் கழுவி வைத்திருப்பாரா? காப்பி குடித்த இடத்திலேயே தம்ளர் காய்ந்து கிடக்கும். அந்த மனுஷன் இப்போது விடியற்காலை எழுந்து மொச்சையை வடிகட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் நீயே நம்ப மாட்டாய்.

ரிட்டயர் ஆனதும் மகன் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். பழைய மகாபலிபுரம் சாலையில், கேளம்பாக்கம் பக்கம், பதினான்கு மாடி. வந்த சூட்டிலேயே இவருக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மருமகள் எதையும் தள்ளிப்போடுகிற ஜாதியில்லை. மறுநாளே கறுப்புக் கொண்டைக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, தட்டப்பயறில் வெள்ளையும் சிவப்பும், மொச்சை, ராஜ்மா, பச்சைப்பயறு, காய்ந்த பட்டாணி, கொள்ளு என்று வாசலில் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. கண்ணாடி பாட்டிலில் கொட்டி, பெயர் எழுதி ஒட்டி, அடுப்பு மேடையில் வரிசை கட்டி நிறுத்திவிட்டு அவள் ஆபீஸுக்குப் போய்விட்டாள். பெயர் ஒட்டினது எனக்காகவாம். எனக்குத் தட்டப்பயறு எது, மொச்சை எது என்று தெரியாதாம்!

வம்பு ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நம் ஊரில் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் மூன்று விசில், தட்டப்பயறு பூவாக மலர்ந்திருக்கும். இங்கே ஏழு விசில் விட்டும் பல்லில் கடக்கென்றது. இன்னும் நாலு விட்டேன். தோல் தனியாகக் கழன்று மிதக்கிறது, உள்ளே பருப்பு மட்டும் மணலைப் போட்டுப் பிசைந்த மாதிரி. எதிர் வீட்டுப் பெண், வயது முப்பதுகூட இருக்காது, கதவைத் தட்டி, "ஆன்ட்டி, எல்லாம் ஓகேவா? காலையிலிருந்து விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கறையா நக்கலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இவர் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து ஒரு பயறை எடுத்து முன்பல்லால் கடித்தார். வழக்கமாக அடுத்து வருவது ஒரு முணுமுணுப்பு. அன்று அது வரவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தத் தண்ணி ஊத்துனே?" என்றார். குழாய்த் தண்ணிதான் என்றேன். சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இறக்கினார். மில்லில் தண்ணீரைச் சோதிக்கிற பெட்டி. அதை ஏன் இவ்வளவு தூரம் தூக்கி வந்தார் என்று நான் அவரைக் கேட்கவில்லை, நீயும் என்னைக் கேட்காதே.

சரசு, அது பார்க்க வேண்டிய காட்சி. சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீரைக் கோடு வரைக்கும் பிடித்தார். ஏதோ மருந்து சில சொட்டு விட்டு, கறுப்பாக ஒரு பொடியைக் கிள்ளிப் போட்டதும் தண்ணீர் திராட்சைப்பழச் சாறு நிறத்துக்கு வந்தது. அதில் இன்னொரு மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். எத்தனையாவது சொட்டில் அது நீலமாக மாறுகிறதோ அதுதான் கணக்கு. பேத்தி பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினாள். முதலில் குடிக்கிற கேன் தண்ணி: விரல்விட்டு எண்ணுவதற்குள் பளிச்சென்று நீலமாகிவிட்டது. அப்புறம் சமையலறைக் குழாய். குழந்தைக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். இருபது வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள், அப்புறம் மறுபடியும். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாயம் ஒட்டாத துணிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் ஒரு சிரிப்பு வருமே, அதே சிரிப்பு. குடிக்கிற தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று அரசாங்க அளவு இருக்கிறதாம். எங்கள் குழாய் அந்த 600-ஐயும் தாண்டிவிட்டது. லாரித் தண்ணியும் போர் தண்ணியும் கலந்து மேல்தொட்டிக்கு ஏறி வருவது, வேறெப்படி இருக்கும்?

ராத்திரி படுத்த பிறகும் விடவில்லை. பயறுக்குள்ளே ஒவ்வொரு சின்ன அறைக்கும் நடுவில் பெக்டின் என்று ஒரு பசை இருக்கிறதாம். கொதிக்கிற தண்ணீரில் அந்தப் பசை இளகி விட்டுக்கொடுத்தால்தான் பயறு மசியும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் மெக்னீசியமும் போய் அந்தப் பசையை இறுக்கிக் கட்டிவிட்டால் நீ எத்தனை விசில் விட்டாலும் அது இளகாது. "உன் கைப்பக்குவம் எங்கியும் போகலை, தண்ணிதான் மாறிப்போச்சு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சமையலுக்கு இவர் கொடுத்த முதல் நற்சான்றிதழ் இதுதான். அதையும் இருட்டில்தான் கொடுத்தார்.

சிறுவாணித் தண்ணீரின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணி என்று நம் ஊர்க்காரர்கள் ஆளாளுக்குச் சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ருசி எப்படியோ போகட்டும். மலையிலிருந்து நேராக இறங்குகிற தண்ணீர், அதில் சுண்ணாம்பு சேர இடமில்லை. அதில் எந்தப் பயறைப் போட்டாலும் வெந்துவிடும். நாமெல்லாம் நம் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் அத்தைக்கு மட்டும் இது முன்னாலேயே தெரியும் என்பதுதான் எனக்கு வேடிக்கை. அன்னூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணி சப்பத்தண்ணி, குளிக்கவும் மாட்டுக்கும் ஆகும். பருப்பு வேகவைக்க மட்டும் அரை மைல் நடந்து நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து ஒரு குடம் வரும். அந்தக் குடத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. புதுசாக ஒரு ஊருக்குப் போனால் அத்தை கேட்கிற முதல் கேள்வியே "உங்கூர்த் தண்ணியில பருப்பு வேகுமா?" என்பதுதான். நான் அதைக் கிராமத்துப் பேச்சு என்று நினைத்தேன். இவர் அத்தனை வருஷம் மில்லில் செய்த வேலையும் அதே கேள்விதானே!

அதுமுதல் பயறுக்குக் கேன் தண்ணி. ஊறப்போடவும் அதுதான், வேகவைக்கவும் அதுதான். அதோடு போயிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் உப்பு விஷயத்தில் தாய்க்கும் மகனுக்கும் யுத்தமே வந்துவிட்டது.

பயறு வெந்த பிறகுதான் உப்பு என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த சட்டம். இவர் என்னடாவென்றால் ஊறப்போடுகிற தண்ணீரிலேயே உப்பைக் கொட்டினார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. நேராக அத்தைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அத்தை கத்தினார்: "உப்பப் போட்டு ஊறவெச்சா பயறு வெறச்சுக்கும்டா, உங்கப்பன் காலத்துல இருந்து பாக்கறேன்!" இவர் நிதானமாகப் பதில் சொல்கிறார்: "அம்மா, வெறைக்க வைக்கிறது சுண்ணாம்பு. உப்பு அதைப் புடிச்சு வெளிய தள்ளும்." மில்லில் தண்ணீரை மென்மையாக்க ஒரு தொட்டி இருக்குமாம். அதில் இருக்கிற மணிகள் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்துப்போனால் உப்புத்தண்ணியை ஏற்றிச் சுண்ணாம்பைக் கழுவித் தள்ளிவிடுவார்கள். பயறின் தோலிலும் அதே மாற்று நடக்கிறது என்கிறார். அத்தைக்கு இதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. "நீ சட்டி கழுவாதவன், எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று போனை வைத்துவிட்டார்.

சும்மா வாய்ப்பேச்சு வேண்டாம் என்று இரண்டு கிண்ணத்தில் கறுப்புக் கொண்டைக்கடலை ஊறப்போட்டோம், ஒன்றில் உப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். காலையில் இரண்டையும் தனித்தனியாக அலசி வேகவைத்துத் தின்று பார்த்தேன். சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது, உப்பில் ஊறினதுதான் நன்றாக இருந்தது. உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. தோலில்தான் வித்தியாசம். மெல்லும்போது அந்தத் தோல் பல்லிடுக்கில் சருகாக ஒட்டிக்கொள்ளுமே, அது இல்லை. கடலையும் வெடிக்காமல் முழுசாக இருந்தது. அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. எண்பத்திரண்டு வயசில் அவருக்கு எதற்கு மனக்கஷ்டம்?

அத்தை ஜெயித்த இடமும் உண்டு. புளி. இவர் ஒரு நாள் அவசரத்தில் பாதி வெந்த மொச்சையைப் புளித்தண்ணியில் போட்டு, "குழம்பிலேயே மீதி வெந்துக்கும்" என்று கொதிக்கவிட்டார். ஒரு மணி நேரம் கொதித்தது. குழம்பு சுண்டிக் கெட்டியாகி, மொச்சை அப்படியே கல்லாக நின்றது. அத்தை சிரித்த சிரிப்பு கோவையிலிருந்து போன் இல்லாமலே கேட்டிருக்கும். "புளி பட்டுட்டா அப்புறம் எமனே வந்து ஊதுனாலும் வேகாதுடா." புளிப்பும் அந்தப் பசையை இளகவிடாதாம். இவரே பிற்பாடு எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி எனக்குச் சொன்னார். தக்காளிக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, பழசு. அத்தை கடைக்குப் போனால் ஒரு பயறை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பிளாஸ்டிக் உறையை எப்படிக் கடிப்பது? உறையில் தேதி போட்டிருக்கிறான், ஆனால் அது பொட்டலம் கட்டின தேதி. செடியிலிருந்து எப்போது பறித்தான் என்று யார் சொல்வது? வெக்கையும் ஈரமும் உள்ள குடோனில் ஒரு வருஷம் இரண்டு வருஷம் கிடந்த பயறு, நீ தேவாமிர்தத்தில் வேகவைத்தாலும் முழுக்க இளகாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி, மூன்றாவது மாடி, சொன்னாள்: அவர்கள் ஊரில் சம்பா நெல் அறுக்கிறதற்குச் சில நாள் முன்னாலேயே, வயலில் ஈரம் இருக்கும்போதே, நின்ற கதிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவார்களாம். நெல்லை அறுத்தால் கீழே பயறு முளைத்து நிற்கும். பங்குனி சித்திரையில் புதுப்பயறு வீட்டுக்கு வந்துவிடும். அவள் அம்மா அனுப்பின பச்சைப்பயறை ஒரு ஆழாக்கு கொடுத்தாள். ஊறவே போடாமல் இரண்டே விசிலில் கடைய வந்தது. இவள் நல்லவள், ஆனால் வாடகைக்கு இருக்கிறாளாம், அடுத்த மாதம் காலி செய்கிறாளாம். எனக்கு வாய்க்கிற சிநேகிதம் எல்லாம் இப்படித்தான்.

சோடா கதையையும் சொல்லிவிடுகிறேன். சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு, அது பிடித்து நிற்க சோடா. இவர் வாழ்நாளெல்லாம் கலந்தது இந்த இரண்டும்தான். அதனால் உப்பு ஜெயித்ததும் கை அரித்தது. வெள்ளைக் கொண்டைக்கடலையில் ஆப்பசோடாவை ஒரு கரண்டி போட்டார். சிட்டிகை இல்லை சரசு, கரண்டி! குக்கரைத் திறந்தால் கடலை எங்கே? வெளிறின மஞ்சளில் ஒரு கூழ், சோப்பு வாசனையோடு. பூரிக்குச் சன்னா என்று காத்திருந்த மகன் சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்றுவிட்டு ஆபீஸ் போனான். மருமகள் தன் பங்குக்கு, சோடா போட்டால் பயறில் இருக்கிற பி1 வைட்டமின் போய்விடும் என்று ஒரு போடு போட்டாள். நிஜமாகவே போய்விடுமாம். இப்போது ரொம்பப் பழைய கடலை மாட்டினால் மட்டும் நகக்கண் அளவு சோடா. அதுவும் என்னைக் கேட்டுவிட்டு.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. மேல்மாடியில் நடந்ததைக் கேள். அங்கே மூன்று பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருத்தன் வெளிநாட்டிலிருந்து மெல்ல வேகவைக்கிற கரண்ட் சட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறான். காலையில் ராஜ்மாவைப் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் குழம்பு தயார் என்று கணக்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரும் மாற்றி மாற்றி வாந்தி. முதலில் மத்தியானம் சாப்பிட்ட ஓட்டலைத்தான் திட்டினார்கள். வாட்ச்மேன் வழியாகச் சேதி இவர் காதுக்கு எட்டி, இவர் மாடியேறிப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, ராஜ்மாவை நசுக்கி, "இது கொதிக்கவே இல்லை தம்பி" என்றிருக்கிறார்.

இதை மட்டும் நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, உன் பேரனும் விடுதியில் தானே சமைத்துச் சாப்பிடுகிறான். பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. நாலைந்து பச்சைக் கொட்டை போதும் ஆளைக் கவிழ்க்க. ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நஞ்சு அழிந்துவிடும். பத்து நிமிஷம் என்று சில நாட்டில் சொல்கிறார்கள், அமெரிக்காவில் அரை மணி நேரம் என்கிறார்கள், நான் அரை மணிக் கட்சி. கொதிநிலைக்குப் போகாமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் நஞ்சின் வீரியம் கூடவும் கூடுமாம். நம் குக்கரில் அந்தப் பயம் இல்லை, உள்ளே சூடு 120 டிகிரிக்குப் பக்கம் போய்விடும். பையன்கள் மறுநாள் சரியாகிவிட்டார்கள். இப்போது இவரைக் கண்டால் "சார்" என்று எழுந்து நிற்கிறார்கள். மில்லை விட்ட பிறகு இவரைப் பார்த்து எழுந்து நின்றவர்கள் அவர்கள்தான். அந்தப் பெருமையில் இரண்டு நாள் நடையே மாறிவிட்டது.

சம்பந்தியம்மா வந்துபோனதை உனக்குச் சொன்னேனா? கிருஷ்ணகிரிக்காரர்கள், அந்தப் பக்கம் மொச்சையைப் பிதுக்கித்தான் குழம்பு வைப்பார்கள். வரும்போதே ஒரு படி காய்ந்த மொச்சை மடியில் கட்டாத குறையாகக் கொண்டுவந்தார். என் சமையலறையில் எதைத் தொட்டாலும் "எங்க வீட்டுல இப்படி வெக்க மாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மருமகள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிதுக்கல் வித்தை இருக்கிறதே, அதற்காக அத்தனையையும் மன்னிக்கலாம்.

ராத்திரி முழுக்க ஊறின மொச்சை, சுருக்கம் எல்லாம் விரிந்து, தோல் லேசாகத் தளர்ந்து இருக்கும். கண் இருக்கிற பக்கத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அடியிலிருந்து ஒரு அழுத்து. பச்சென்று பருப்பு எகிறிப் பாத்திரத்தில் விழும், தோல் விரலோடு நிற்கும். தந்த நிறத்தில், ஈரப் பளபளப்போடு, நடுவில் ஒரு கோடு. சம்பந்தியம்மா பேசிக்கொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே, கீழே குனியாமல் பிதுக்குகிறார், ஒன்றுகூடத் தவறவில்லை. இவர் பிதுக்கினது ஒன்று நேராகப் போய் டிவியில் செய்தி வாசிக்கிறவர் நெற்றியில் பட்டது. பேத்தி அதற்கப்புறம் வேண்டுமென்றே குறிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். சோபாவுக்கு அடியிலிருந்து இன்னமும் மொச்சை வந்துகொண்டிருக்கிறது. குழம்பு? தோல் இல்லாததால் சீக்கிரம் வெந்து, வெண்ணெயாகக் கரைந்தது. தேங்காய், கசகசா, பட்டை எல்லாம் அரைத்துவிட்டு வைத்தார். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மீதி மொச்சையை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் பாட்டிலுக்குள் வண்டு மேய்ந்தது. மருமகள் போட்ட கூச்சலில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. "உங்க அம்மா கொண்டுவந்ததுதாம்மா" என்று நான் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலை மட்டும் அவள் பார்க்கிற இடத்தில் வைத்தேன். பாவம், சம்பந்தியம்மா பேரிலும் குற்றமில்லை. பயறு வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டை வைத்துவிடும். புழு பொரிந்து பயறைக் குடைந்து உள்ளே போய் வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஓட்டையைப் பார்க்கிற வரைக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது.

ஊரில் என்றால் வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, வேப்பிலை போட்டு வைப்போம். துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். இங்கே மொட்டைமாடியில் புடவை விரித்துப் பயறைக் கொட்டினேன், ஒரு மணி நேரத்தில் அசோசியேஷன் செயலாளர் வந்து நிற்கிறார். பொது இடத்தில் தானியம் காயப்போடக் கூடாது, புறா வரும் என்று விதி இருக்கிறதாம். விதியைக் காட்டுங்கள் என்றார் இவர். காட்டினார்! எட்டாவது பக்கத்தில் நிஜமாகவே இருந்தது. அந்த ஆள் எங்கே போனாலும் அந்தப் புத்தகத்தைக் கையோடு தூக்கிக்கொண்டுதான் போவார்போல. இப்போது புதுப்பயறு வந்தால் உறையோடு நாலைந்து நாள் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறோம். முட்டை, புழு எல்லாம் அதிலேயே செத்துவிடும். அப்புறம் ஈரம் போகக் காயவிட்டு பாட்டிலில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

வாயு தொந்தரவு எப்படி என்று நீ கேட்பாய், கேட்காமல் இருக்க மாட்டாய். முதல் இரண்டு வாரம் நானும் இவரும் லிஃப்டில் ஒன்றாக ஏறுவதில்லை, அவ்வளவுதான் சொல்வேன். பயறில் இருக்கிற ஒரு வகைச் சர்க்கரையை நம் குடலால் செரிக்க முடியாது, பெருங்குடலில் இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்கவைத்துத்தான் வாயு. ஊறின தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் போகும், முளைகட்டினால் இன்னும் கொஞ்சம். பெருங்காயமும் இஞ்சியும் பூண்டும் போடத்தான் போடுகிறேன். உடம்பும் பழகிக்கொண்டது.

தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்புதான் இவர் கைக்கு இப்போது நன்றாக வருகிறது. பயறை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்கிறார். வறுத்தால் ஊறப்போட வேண்டாம் என்று நான் சொன்னேன், இல்லை, அரை மணியாவது உப்புத்தண்ணியில் கிடக்கட்டும் என்று அதிலும் ஒரு மாற்றம். மல்லி, சீரகம், வரமிளகாய், சின்னவெங்காயம், ஒரு துண்டு தேங்காய் வறுத்து அரைத்து, கத்தரிக்காயை வதக்கி, வெந்த பயறை அந்தத் தண்ணீரோடு சேர்த்து, எல்லாம் ஒன்றாகக் கூடின பிறகுதான் புளி. புளியை ஊற்றும்போது மட்டும் இரண்டு பயறை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஊற்றுகிறார். ராகிக் களியோடு சாப்பிட்டால் உனக்கு நம் பழைய வீட்டுத் திண்ணை ஞாபகம் வரும். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்று மகன் முன்னாலேயே இவர் என்னைக் கேட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். தூக்கலே இல்லை.

நவராத்திரிக்கு ஒன்பது நாள் சுண்டலுக்கும் இப்போதே ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார், எந்தப் பயறு எத்தனை மணிக்கு ஊறப்போடுவது என்று. போன வருஷம் செயலாளர் வீட்டுக் கொலுவில் கொடுத்த பட்டாணிச் சுண்டல் கல்லு. அவர்கள் வீட்டுக்கு முதல் நாளே நம் சுண்டலைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று இவருக்கு ஒரு வெறி. புறா விஷயத்துக்குப் பழி. நானும் தடுக்கப்போவதில்லை.

கொள்ளை மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்ளு வெந்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்து வைப்பது, மீதியை மல்லி, சீரகம், மிளகாய், பூண்டோடு கொரகொரப்பாக அரைப்பது, கடைசியில் பச்சைச் சின்னவெங்காயத்தை ஒரு சுற்று விடுவது, இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன். எத்தனை நிமிஷம், எத்தனை கிராம் என்று வெளியில் நின்று கேட்கிறார். கை கணக்கு என்று சொல்லிவிட்டேன். இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

அதனால் உன் அண்ணன் மகன் தீபாவளிக்கு முன்னால் இங்கே வருகிறான் என்றாயே, அவனிடம் கொடுத்தனுப்பு. டி.கே. மார்க்கெட்டில் நாம் எப்போதும் வாங்குகிற கடையிலேயே வாங்கு, பொட்டலம் கட்டினது வேண்டாம், மூட்டையிலிருந்து அள்ளச் சொல். சிவப்புத் தட்டப்பயறு இரண்டு கிலோ. கொள்ளு இப்போது ஒரு கிலோ போதும், தையில் புதுசு வந்ததும் இன்னும் வாங்கிக்கொள்ளலாம். அத்தை வீட்டுப் பக்கம் போனால் உப்பு சமாச்சாரத்தை மட்டும் வாய்தவறியும் எடுத்துவிடாதே.

உன் அன்பு,
பத்மா

பி.கு.: ஊறவைக்க உப்பு எவ்வளவு என்று நீ எப்படியும் கேட்கத்தான் போகிறாய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஒரு தரம் அலசிவிட்டு வேகவை. ஊறாமல் சின்னதாகவே நிற்கிற கல்லுப்பயறு நாலைந்து கட்டாயம் இருக்கும், பொறுக்கிப் போட்டுவிடு, இல்லையென்றால் உன் வீட்டுக்காரர் புதுசாகக் கட்டின பல்லுக்கு நான் ஜவாப்தாரி இல்லை.